மேம்பாலத்தின் அடியில் சதுரங்கம்

கொல்கத்தாவின் காளிகாட் பகுதியிலிருந்து ராஷ்பிஹாரி அவென்யூ வழியாகக் கிழக்கே சுமார் 2 கிலோமீட்டர் சென்றால் கரியாஹாட் சந்திப்பு வரும். அங்குள்ள மேம்பாலத்தின் அடியில் மாலை நேரங்களில் சதுரங்கப் பிரியர்கள் கூடுகிறார்கள். பள்ளி மாணவர், கடை ஊழியர், ஓய்வுபெற்றவர் எனப் பலரும் ஒரே பலகைக்கு எதிரெதிரே அமர்கிறார்கள். அறிமுகம் தேவையில்லை, காய்களை அடுக்கினாலே பழக்கம் தொடங்கிவிடுகிறது. சுற்றி நின்று பார்ப்பவர்களும் ஆட்டம் முடிந்ததும் தவறிய நகர்வுகளை அலசுகிறார்கள்.

கொல்கத்தாவின் சதுரங்க ஆர்வத்துக்குப் பின்னணி உண்டு. இந்நகரின் திப்யேந்து பருவா 1982-இல் லண்டனில் முன்னணி சதுரங்க வீரர் விக்டர் கோர்ச்னோயைத் தோற்கடித்தார். 1991-இல், சென்னையின் விஸ்வநாதன் ஆனந்துக்கு அடுத்தபடியாக, இந்தியாவின் இரண்டாவது கிராண்ட்மாஸ்டர் ஆனார்.