பாராட்டிலிருந்து வெளியேறியவர்கள்

நவீன ஓவியத்தின் முன் நிற்பவர்கள் ‘இதற்கு என்ன அர்த்தம்?’ என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நானும் தூரிகை பிடிப்பவன். எனக்கு அந்த ஓவியத்தைத் திறந்துவிடுவது வேறொரு கேள்வி: இவர் இதற்கு முன்பு என்ன வரைந்துகொண்டிருந்தார், அதை ஏன் விட்டார்?

கே.சி.எஸ். பணிக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே நீர்வண்ண நிலக்காட்சிகளால் சென்னையில் கவனம் பெற்றார். அவற்றையே வரைந்து ஆயுள் முழுக்கப் பெயரோடு இருந்திருக்கலாம். 1957இல் சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வரும் ஆகிவிட்டார். ஆனால், ஐம்பதைக் கடந்த பிறகு, 1963இல் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசையைத் தொடங்கினார். ஜாதகக் கட்டங்கள், கணக்குக் குறிகள், மலையாளச் சாயலில் நெருக்கமான எழுத்துகள். வாசிக்கப் போனால் ஒரு சொல்லும் பிடிபடாது. ஆனாலும் நம் வீட்டுப் பரணில் கிடந்த ஏதோ ஒன்றைப் பார்க்கிறோம் என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஐரோப்பாவை நேரில் பார்த்து வந்தவர் அவர். அரூபத்தை அங்கிருந்து கடன் வாங்காமல், ஜாதக நோட்டில் கண்டெடுத்தார். இந்திய நவீன ஓவியத்தில் இதைவிடத் துணிச்சலான நகர்வு அதிகமில்லை என்பேன்.

அந்தத் துணிச்சலுக்குச் சோறும் வேண்டுமே! 1966இல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் உருவான சோழமண்டலம் கலைஞர் கிராமத்துக்குக் காரணம் இதுதான். அங்கே கூடிய ஓவியர்கள் பத்திக் துணி போன்ற கைவினைப் பொருட்களைச் செய்து விற்று, அந்த வருமானத்தில் யாருடைய விருப்பத்துக்கும் வளையாத ஓவியங்களை வரைந்தார்கள். கைவினை சோறு போட்டது. ஓவியம் சுதந்திரமாக இருந்தது.

துறையூர்ப் பக்கத்துக் கீராம்பூரில் பிறந்த கே.எம். ஆதிமூலத்தின் கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. 1969, காந்தி நூற்றாண்டு. கறுப்பு மையில் அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்களை இன்று பார்த்தாலும் கோடு நடுங்குவதில்லை, காந்தி நடக்கிறார். சிற்றிதழ் அட்டை, நூல் முகப்பு, தமிழ் எழுத்துரு என்று அவருடைய கோடு வாசகர்களின் வீடுகளுக்குள் போய்ச் சேர்ந்தது. அத்தனை பேர் கொண்டாடிய அந்தக் கோட்டைத் தன் எண்ணெய் வண்ணத் திரைகளுக்குள் அவர் விடவில்லை. அங்கே உருவமில்லை, விளிம்பில்லை; வண்ணம் மட்டும் அடுக்கடுக்காகப் பரவி நிற்கும். கோடு தெரியாமல் அரூபத்துக்குப் போனவரல்ல அவர். கோட்டின் உச்சியைத் தொட்டுவிட்டுப் போனவர்.

ஐரோப்பாவில் பிக்காசோவும் மாத்தீஸும் இப்படித்தான், கைவந்த பாணியை விட்டு நகர்ந்தவர்கள். 1907இல் பிக்காசோ வரைந்த ‘அவிஞ்ஞோன் பெண்கள்’ நண்பர்களையே அதிரவைத்தது. பொதுமக்கள் அதைப் பார்க்க 1916 ஆனது. 1941இல் பெரிய அறுவைசிகிச்சைக்குப் பின் நிற்கவே சிரமப்பட்ட மாத்தீஸ், வண்ணம் பூசிய தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டிப் புதிய கலையைத் தொடங்கினார்.

எல்லோரும் இடம் மாறத்தான் வேண்டுமா? கே. ராமானுஜத்தை நினைத்தால் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. சோழமண்டலத்தில் வாழ்ந்து 1973இல் இளம் வயதிலேயே மறைந்தவர். மாளிகைகள், விசித்திர விலங்குகள், நடுவே தொப்பியணிந்த அவரே! கடைசிவரை அந்த ஒரே கனவுலகத்தை இழை இழையாக வரைந்தார். யாரும் கேட்டு அவர் அதைத் திரும்ப வரையவில்லை. அவரால் அங்கே மட்டும்தான் வாழ முடிந்தது.

இன்று ஓவியம் வாங்குபவர்கள் எங்களைப் போன்றவர்களிடம், “போன வருஷம் வித்த மாதிரியே இன்னும் நாலு வேணும்” என்கிறார்கள். வீட்டு வாடகை முன்னால் நிற்கும்போது மறுப்பது எளிதல்ல. ஆனால், நாலாவது படத்தில் கை மட்டும்தான் வேலை செய்யும். வேறு வழியில் சம்பாதித்தாவது ஐந்தாவதைப் புதிதாகத் தொடங்குங்கள் என்பதே இளம் ஓவியர்களுக்கு நான் சொல்வது.

வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது சோழமண்டலம் அருங்காட்சியகத்துக்குள் ஒரு மணி நேரமாவது செலவிடுங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். பொருள் சொல்லித்தர அவசரப்படாதீர்கள்; அவர்கள் பார்க்கட்டும்.