புகைக்கும் முகவரி உண்டு

2005 ஆகஸ்ட் 11-ஆம் தேதி கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டியது. அவசரகாலம் அறிவித்து, பள்ளிகளை மூடச் சொன்னார்கள். எங்கள் ஆசிரியர் அறையில் அன்று பேச்செல்லாம் அந்த எண்ணைப் பற்றித்தான். அதற்கு முன் சில வருஷங்களாக அந்த எண்ணை எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. சுற்றுப்பயணிகள் வராமல் போய்விடுவார்களே என்று 1999 முதல் மலேசிய அரசாங்கம் அதை வெளியிடாமல் பூட்டி வைத்திருந்தது. எதிர்வீட்டுக் கூரை மங்கித் தெரிகிற நாளிலும், குறியீடு எவ்வளவு என்று கேட்டால் பதில் கிடைக்காது. கிள்ளான் மூச்சுத் திணறிய பிறகுதான் பூட்டு திறந்தது.

நான் கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள். ஜூன் தாண்டித் தென்மேற்குக் காற்று வலுத்தால், மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம் சுமத்ராவில் எரிவதெல்லாம் எங்கள் கரைக்கு வந்து சேரும். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் யு.பி.எஸ்.ஆர். தேர்வும் அப்போதெல்லாம் செப்டம்பரில்தான். சபைகூடல் கிடையாது, திடலில் விளையாட்டு கிடையாது. ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் புகை. "டீச்சர், கண்ணு எரியுது" என்று ஒரு பிள்ளை ஆரம்பித்தால் வகுப்பு முழுக்கக் கண்ணைக் கசக்கும். கண் எரிச்சல் இரண்டு நாளில் போய்விடும். போகாதது வேறொன்று.

புகைமூட்டத்தில் பயப்பட வேண்டியது பி.எம். 2.5 என்கிற நுண்துகள். தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. மூக்கும் தொண்டையும் அதைத் தடுப்பதில்லை. நுரையீரலின் அடிவரை போய், அங்கிருந்து இரத்தத்திலும் கலக்கும். ஆஸ்துமாக்காரருக்கு இழுப்பு வருவது வெளியே தெரியும். மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவதை யாரும் புகையோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வகுத்த அளவுப்படி, ஒரு நாளின் சராசரி ஒரு கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. புகைமூட்ட நாட்களில் அது நூற்றுக்கணக்கில் போகும். 2015-ன் புகையால் உரிய காலத்துக்கு முன்பே இறந்தவர்கள் ஒரு லட்சம் பேருக்கு மேல் இருக்கலாம் என்று ஹார்வர்டு, கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் மதிப்பிட்டார்கள். அதில் சுமார் 91,600 பேர் இந்தோனேசியர்கள், 6,500 பேர் மலேசியர்கள், 2,200 பேர் சிங்கப்பூரர்கள். இந்தோனேசிய அரசாங்கம் இந்தக் கணக்கை ஏற்கவில்லை. ஆனால் இந்தப் பங்கீட்டை நாம் கவனிக்க வேண்டும். "இந்தோனேசியாக்காரன் எரிக்கிறான், நாம் சாகிறோம்" என்று காப்பிக்கடையில் பேசுகிறோமே, பத்துச் சாவில் ஒன்பது அங்கேதான்.

அப்படி என்னதான் எரிகிறது? மரம் எரிந்தால் இவ்வளவு புகை வராது. எரிவது மண். இந்தோனேசியாவின் சுமத்ராவிலும் கலிமந்தானிலும் 'கம்புட்' என்கிற சதுப்பு மண் பல லட்சம் ஹெக்டேர் இருக்கிறது. விழுந்த இலையும் மரமும் நீரில் ஊறி, முழுதாக மக்காமல், ஆயிரக்கணக்கான வருஷங்களாகச் சேர்ந்த மண். சில இடங்களில் பத்து மீட்டர் ஆழத்துக்கும் மேல் போகும். ஈரமாக இருக்கும்வரை அது எரியாது. செம்பனையோ தாள்கூழ் மரமோ நட வேண்டுமென்றால் கால்வாய் வெட்டி நீரை வடிக்கிறார்கள், மேல்மண் காய்ந்துவிடுகிறது. நிலத்தைச் சுத்தம் செய்ய இயந்திரம் வைத்தால் செலவு; தீக்குச்சிக்குச் செலவில்லை. ஒருமுறை பிடித்துவிட்டால் உமியில் பிடித்த நெருப்புதான்: மேலே சுவாலை இராது, உள்ளே கனன்றுகொண்டே போகும். ஹெலிகாப்டரிலிருந்து கொட்டும் தண்ணீர் மேலே நனைக்கும். கீழே நெருப்பு பாட்டுக்கு நகரும். மழை வந்தால்தான் அடங்கும். எல் நினோ வருஷங்களில் அந்த மழையும் தள்ளிப்போகும். 1997-ம் 2015-ம் அப்படிப்பட்டவை.

மத்திய கலிமந்தானில் அதிபர் சுகார்த்தோ காலத்தில் நடந்தது இன்னும் கொடுமை. நாட்டுக்கு அரிசி விளைவிக்கிறேன் என்று 1990-களின் நடுவில் பத்து லட்சம் ஹெக்டேர் கம்புட் நிலத்தில் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கால்வாய் வெட்டினார்கள். சொல்லிக்கொள்ளும்படி நெல் விளையவில்லை. நிலம் காய்ந்ததுதான் மிச்சம். 1997-ல் அது பற்றிக்கொண்டது. அந்த செப்டம்பரில் சரவாக்கில் அவசரகாலம். கூச்சிங்கில் குறியீடு 839. மலேசியா ஆயிரத்துக்கும் அதிகமான தீயணைப்பு வீரர்களை இந்தோனேசியாவுக்கு அனுப்பியது. அண்டை நாட்டு நெருப்பை அணைக்க நம் வீரர்கள் போனதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நெருப்பு பிடித்த பிறகு செய்கிற ஒத்துழைப்பு அது.

பிடிக்காமல் தடுக்க ஒப்பந்தம் வேண்டுமே. ஆசியான் நாடுகள் 2002 ஜூனில் கோலாலம்பூரில் எல்லைகடந்த புகைமூட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 2003 நவம்பரில் அது நடப்புக்கு வந்தது. யாருடைய நிலத்தில் நெருப்போ அந்த இந்தோனேசியாவின் நாடாளுமன்றம் அதை ஏற்றது 2014 செப்டம்பரில்! இடையில் 2013 ஜூனில் சிங்கப்பூரில் குறியீடு 401-ஐத் தொட்டது, மலேசியாவின் மூவாரில் 746. மூவாரிலும் லேடாங்கிலும் அவசரகாலம். இந்தோனேசிய அதிபர் சுசிலோ பம்பாங் யுதயோனோ இரு நாடுகளிடமும் மன்னிப்புக் கேட்டார். இரண்டே வருஷத்தில் துணையதிபர் யூசுப் கல்லா, பதினொரு மாதம் எங்கள் காட்டின் நல்ல காற்றை அனுபவிக்கிறார்களே, அதற்கு நன்றி சொன்னதுண்டா என்ற பொருளில் பேசினார். அதைக் கேட்டுச் சிரித்தவர்களும் உண்டு. மூவாரில் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

அந்த ஒப்பந்தத்தில் மீறியவருக்குத் தண்டனை கிடையாது. பிறர் உள்விவகாரத்தில் தலையிடாமை என்பது ஆசியானின் அடிப்படைக் கொள்கை. அதனால்தான் அது பல்லில்லாத ஒப்பந்தம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் காரணம் போதவில்லை. ஐரோப்பாவைப் பாருங்கள். பிரிட்டனும் மத்திய ஐரோப்பாவும் எரித்த நிலக்கரியின் கந்தகம் அமில மழையாக விழுந்து ஸ்வீடன், நோர்வே ஏரிகளில் மீன்கள் செத்தன. 1979-ல் பனிப்போர் நடக்கும்போதே, இரு முகாம் நாடுகளும் ஜெனீவாவில் எல்லைகடந்த காற்று மாசு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதிலும் தண்டனை இல்லை. 1985-ல் ஹெல்சிங்கியில் கந்தகத்தை 30 விழுக்காடு குறைக்க வகுத்த நெறிமுறையில் பிரிட்டன் சேரவேயில்லை. இருந்தும் 1980-களிலிருந்து இன்றுவரை ஐரோப்பாவின் கந்தக டைஆக்சைடு பெருமளவு குறைந்திருக்கிறது.

எரிபொருள் மாறியதும், ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டங்களும் அதற்கு உதவின. ஆனால் அடித்தளம் ஒரு கணக்குப் புத்தகம். உடன்படிக்கைக்கு முன்பே, 1977-ல், பொதுவான கண்காணிப்புத் திட்டம் ஒன்று தொடங்கியிருந்தது. ஒவ்வொரு நாடும் தான் எவ்வளவு கக்குகிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எந்த நாட்டுக் கந்தகம் எந்த நாட்டில் எவ்வளவு விழுகிறது என்று அட்டவணை போட்டார்கள். அப்புறம் "எங்கள் புகை இல்லை" என்று யாரால் சொல்ல முடியும்?

நம்மிடம் இல்லாதது அந்தப் புத்தகம். எங்கே எரிகிறது என்பது தெரியாமல் இல்லை. சிங்கப்பூரில் 1993 முதல் ஆசியானின் சிறப்பு வானிலை மையம் இருக்கிறது. செயற்கைக்கோள் படத்தில் தீப்புள்ளிகள் தினமும் தெரிகின்றன. அந்தப் புள்ளி யாருடைய நிலத்தில் விழுகிறது என்பதுதான் கேள்வி. அதற்கு நிலக் குத்தகை வரைபடம் வேண்டும். 2013 அக்டோபரில் ஆசியான் தலைவர்கள் அரசுக்கு அரசு வரைபடங்களைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். பிறகு சட்டத்தில் இடமில்லை, ரகசியம் என்று இழுபறி. வரைபடம் இல்லாமல் புள்ளியை மட்டும் பார்த்து என்ன செய்ய?

சிங்கப்பூர் காத்திருக்கவில்லை. 2014-ல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. வெளிநாட்டில் நெருப்பு வைத்துச் சிங்கப்பூருக்குப் புகை அனுப்பும் நிறுவனத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு லட்சம் சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம். மொத்தம் இருபது லட்சம் வரை. வரைபடத்தில் நிலம் உன்னுடையது என்றால், நெருப்பு உன்னுடையதில்லை என்று நீதான் நிரூபிக்க வேண்டும். 2015-ல் சில இந்தோனேசிய நிறுவனங்களுக்கு அறிவிக்கை போனது. ஜக்கார்த்தாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் நெருப்புக்கு முகவரி கேட்ட முதல் சட்டம் இந்த வட்டாரத்தில் அதுதான்.

மலேசியாவில் அப்படியொரு சட்டம் வரும் என்று பலமுறை பேச்சு அடிபட்டது, வரவில்லை. ஏன் என்று கேட்பவர்கள் இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 2019 செப்டம்பரில் இந்தோனேசியா தீப்பிடித்த நிலங்களுக்கு முத்திரை வைத்தபோது, அந்தப் பட்டியலில் மலேசிய நிறுவனங்களின் துணை நிறுவனங்களும் இருந்தன. நிறுவனங்கள் மறுத்தன. உண்மை எதுவானாலும், எல்லைக்கு அப்பால் செம்பனை போட்டிருப்பதில் நம் முதலீடும் உண்டு. நம் ஊழியர் சேமநிதி பெரிய தோட்ட நிறுவனங்களில் பங்கு வைத்திருக்கிறது. மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிற பணம்தான் அது.

நடந்த நல்லதையும் சொல்ல வேண்டும். 2016-ல் அதிபர் ஜோக்கோ விடோடோ கம்புட் நில மீட்பு நிறுவனத்தை அமைத்தார். கால்வாய்களை அடைத்து, இருபது லட்சம் ஹெக்டேர் நிலத்தை மீண்டும் ஈரமாக்குவது அதன் இலக்காக இருந்தது. வேரில் கைவைக்கிற வேலை என்பதால் எனக்கு இதில்தான் நம்பிக்கை. அதே ஆண்டு, 2020-க்குள் புகைமூட்டமில்லா வட்டாரம் என்று ஆசியான் திட்டம் போட்டது. ஆனால் 2019-ல் பள்ளிகளை மறுபடி மூடினார்கள். சுமத்ராவின் ஜாம்பியில் பட்டப்பகலில் வானம் சிவந்தது. இப்போது இலக்கு 2030.

அளவு சொல்வதிலும் ஒன்று கற்றுக்கொண்டோம். சிங்கப்பூர் 2014-லேயே தன் குறியீட்டில் பி.எம். 2.5-ஐச் சேர்த்துவிட்டது; மலேசியா சேர்த்தது 2018-ல். இடைப்பட்ட நான்கு வருஷம், ஒரே புகைக்கு ஜொகூர் பாலத்தின் இரு முனையிலும் இரண்டு எண்கள்.

அடுத்த புகைமூட்டத்தில் குறியீட்டைக் கைப்பேசியில் பாருங்கள், பிள்ளைகளுக்கு என்95 முகக்கவசம் வாங்குங்கள், தேவைதான். உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் கோயில் திருவிழாவுக்கு வரும்போது அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். புகைமூட்டச் சட்டம் எப்போது? அந்த வரைபடம் எங்கே?