கோபுரத்திலிருந்து உதிரும் ஈயப் பூந்தி

“எடையற்ற விண்வெளியில்தான் பிசிறில்லாத உருண்டைகளை வார்க்க முடியுமாமே, நிஜமா?” என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். அமெரிக்காவின் வார்டா நிறுவனம், சுற்றுப்பாதையில் படிகமாக்கிய மருந்தை 2024 பிப்ரவரியில் யூட்டா பாலைவனத்தில் இறக்கியதிலிருந்து ‘விண்வெளித் தொழிற்சாலை’ப் பேச்சு சூடுபிடித்திருக்கிறது. மருந்துப் படிகத்தின் கதை வேறு, அதை விட்டுவிடுவோம். உருண்டைக்கு ராக்கெட் வேண்டியதில்லை. உயரமான ஒரு செங்கல் கோபுரம், உச்சியில் ஓட்டை போட்ட ஒரு சட்டி, அடியில் ஒரு தொட்டித் தண்ணீர். இவ்வளவுதான். வேட்டைத் துப்பாக்கிக்கான ஈய ரவைகளை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இப்படித்தான் மழையாகக் கொட்டினார்கள்.

துளியை உருட்டுவது பரப்பு இழுவிசை என்பது பள்ளிப் பாடம். பாடம் சொல்லாமல் விடுவது, உருண்டு முடிப்பதில் துளிக்கு இருக்கும் சிரமத்தை. சட்டியின் ஓட்டையிலிருந்து அறுந்து விழும் ஈயத்துளி நீளவாக்கில் பிறக்கிறது. பரப்பு இழுவிசை அதைச் சுண்டி இழுக்கிறது. இழுத்த வேகத்தில் துளி உருண்டையைத் தாண்டித் தட்டையாகிறது, மறுபடி நீள்கிறது. 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளி இப்படி நொடிக்குச் சுமார் 50 முறை குலுங்கும். குலுக்கத்தை அடக்க வேண்டியது பாகுநிலை. உருகிய ஈயமோ கனத்துக்குக் கனம், ஓட்டத்துக்கு ஓட்டம். அதன் எடையோடு ஒப்பிட்டால் பாகுநிலை மிகச் சொற்பம். ஆகவே குலுக்கம் மூன்றில் ஒரு பங்காகக் குறையவே ஏறக்குறைய 2 நொடி பிடிக்கும் என்கிறது கணக்கு. இதற்கிடையே காற்று துளியைக் குளிரவைத்துக்கொண்டிருக்கிறது. குலுக்கம் அடங்குமுன் உறைந்தால் கோணல். உறையுமுன் தண்ணீரில் விழுந்தால் சப்பை. 25 மீட்டர் உயரம் தருவது 2 நொடிக்குச் சற்று மேல். கோபுரம் துளிக்கு வடிவம் தருவதில்லை, அவகாசம் தருகிறது. என் கட்சி இதுதான்.

பூந்தி போடுகிறவர்களுக்கு இதில் பாதி கைப்பழக்கம். ஓட்டைச் சட்டிதான் பூந்திக் கரண்டி, தண்ணீர்த் தொட்டிதான் எண்ணெய்ச் சட்டி. மாவு கெட்டியானால் பூந்தி வால் விடும். தூய ஈயமும் வால் விடும், காற்று பட்டதும் ஆக்சைடுத் தோல் போர்த்திக்கொள்வதால். பதம் பார்த்து மாவில் தண்ணீர் தெளிப்பதுபோல ஈயத்தில் ஒரு சிட்டிகை ஆர்சனிக். பொரித்ததை அரிப்பதுபோல ரவைகளைச் சல்லடையிட்டு அளவுவாரியாகப் பிரிப்பார்கள். ஜீராவில் புரட்டுவதற்குப் பதில் கிராஃபைட் தூளில் புரட்டிப் பளபளப்பாக்குவார்கள். முந்திரி மட்டும்தான் பாக்கி. ஆனால் முக்கியமான இடத்தில் உவமை கைவிடுகிறது: கடலைமாவு குழைவானது, அது குலுங்குவதில்லை. பூந்திக்குக் கோபுரம் வேண்டாத காரணமும் அதுவே.

வரலாறு கேட்பவர்களுக்கு: இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், ஈயக் குழாய் வேலை செய்துவந்த வில்லியம் வாட்ஸ் 1782இல் காப்புரிமை வாங்கினார், தன் வீட்டின் மேலேயே கோபுரத்தை எழுப்பினார். இந்த யோசனை கனவில் வந்தது என்று ஒரு கதை உலவுகிறது. கண்டுபிடிப்பாளர்கள் எல்லாருக்கும் இப்படியொரு கனவு ஒட்டப்படுவது வழக்கம், தள்ளிவிடலாம். அந்தக் கோபுரம் 1968இல் சாலை விரிவாக்கத்துக்காக இடிக்கப்படும்வரை நின்றது. அமெரிக்காவின் பால்டிமோரில் 1828இல் கட்டியது 71 மீட்டர், இன்றும் நிற்கிறது.

அவகாசம்தான் விஷயம் என்றால், கோபுரத்தை இன்னும் உயர்த்தித் துப்பாக்கிக் குண்டுகளையே உதிர்த்திருக்கலாமே என்று கேட்கலாம். நடக்காது. விட்டம் இரட்டித்தால் உறைவதற்கான நேரம் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது, குலுக்கம் அடங்கும் நேரம் நான்கு மடங்காகிறது. இன்னும் உயரே போகலாம் என்றால் காற்று குறுக்கே நிற்கும்: வேகம் கூடக்கூட, இளகிய துளியைக் காற்று அடியிலிருந்து அமுக்கித் தட்டையாக்கப் பார்க்கும். அதனால்தான் பெரிய குண்டுகள் கடைசிவரை அச்சை நம்பின. இரண்டு பாதிகளைச் சேர்த்துப் பிடித்து, ஈயத்தை ஊற்றி, ஆறியதும் ஊற்றுவாயில் நீட்டிக்கொண்டிருக்கும் முளையை வெட்டி எடுக்க வேண்டும். ரவையிலும் எல்லாமே உருண்டையாக வந்துவிடவில்லை. சரிவான பலகையில் உருட்டிவிடுவார்கள். நல்ல உருண்டை வேகமெடுத்து நடுவிலுள்ள இடைவெளியைத் தாண்டிப் போகும், கோணல் தயங்கி அதற்குள் விழும். விழுந்தது மறுபடி உலைக்கு.

இன்னொரு ஆட்சேபம்: விண்வெளி ஓடத்தில் செய்த உருண்டைகள் விற்பனைக்கே வந்தனவே? வந்தன. 10 மைக்ரான் அளவுள்ள பாலிஸ்டைரீன் மணிகளை 1985இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் அளவுகோல் பொருளாக விற்றது. ஆனால் தரையில் அவற்றுக்கு இருந்த பிரச்சினை, வளரும்போது திரவத்தில் படிவதும் மிதப்பதும். ஒரே சீரான அளவுக்காகத்தான் மேலே போனார்கள். அந்த மணிகளைக் காட்டி, உருண்டை என்றாலே விண்வெளி என்பது விளம்பரக்காரர் பேச்சு.

கோபுரங்களுக்குப் போட்டியாக வந்த முறையைப் பார்த்தால் சந்தேகம் மிச்சமிருக்காது. கலிபோர்னியாவின் பிளைமைஸ்டர் 1960களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற முறையில், ஈயத்துளி விழும் உயரம் ஓர் அங்குலம்தான். விழுவது சூடான நீரில். அங்கே சரிவில் உருண்டபடியே மெல்ல இறங்கி உறைகிறது. காற்றில் நொடிக்கணக்கில் வாங்கிய அவகாசத்தை வெந்நீரே கொடுத்துவிடுவதால், வாட்ஸ் வீட்டின் மேல் அடுக்கிய அத்தனை செங்கல்லும் இந்த முறைக்கு வேண்டியிருக்கவில்லை.