பழைய கிதார் எஃபெக்ட் கருவிகள்: ஆபத்து, பழுது, நுகர்வோர் உரிமை

மின்கிதாரின் ஒலி ஆம்ப்ளிஃபையரைச் சென்றடைவதற்கு முன் அதன் தன்மையை மாற்றித் தரும் கருவிகள் எஃபெக்ட் என்ற பொதுப்பெயரால் அறியப்படுகின்றன. 1962இல் அமெரிக்காவில் வெளிவந்த மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன், 1966இல் லண்டனின் ஆர்பிட்டர் நிறுவனம் வெளியிட்ட ஃபஸ் ஃபேஸ், 1974இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட ஆர்இ-201 ஸ்பேஸ் எக்கோ முதலியவற்றின் பழைய பிரதிகள் இன்றும் நல்ல விலைக்குக் கைமாறுகின்றன. உத்தரவாதக் காலம் எப்போதோ முடிந்துபோன இக்கருவிகள் பழுதுபடும்போது, உரிமையாளர் தம் பாதுகாப்பு, கருவியின் மதிப்பு, செலவிடும் பணம் ஆகியவற்றை ஒருசேரக் காக்க வேண்டியவராகிறார். இதற்கு அடிப்படையானது, கருவியில் கைவைப்பதற்கு முன் அதன் நிலையைப் படமாகவும் எழுத்தாகவும் பதிவு செய்யும் பழக்கமே. பழுதைக் கண்டறிய உதவும் அதே பதிவுதான் பின்னர் தகராறு எழுந்தால் சான்றாகவும் நிற்கிறது.

மின்சாரத்தால் வரும் ஆபத்து

ஒன்பது வோல்ட் பேட்டரியில் இயங்கும், பெடல் எனப்படும் சிறு பெட்டிகளைத் திறப்பதில் உயிருக்கு ஆபத்தில்லை. நேரடியாக வீட்டு மின்சாரத்தில் இயங்கும் கருவிகளின் நிலை வேறு. குறிப்பாக, வாட்கின்ஸ் காப்பிகேட் போன்ற வால்வு வகை எக்கோ கருவிகளுக்குள் இருநூறு வோல்ட்டைத் தாண்டிய நேர்மின்னழுத்தம் உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் ஃபில்டர் கெபாசிட்டர்கள், அதாவது மின்னோட்டத்தைச் சீராக்குவதற்காக மின்னேற்றத்தைச் சேமித்து வைக்கும் மின்தேக்கிகள், சிறிது நேரம் அதைத் தம்மிடம் வைத்திருக்கக்கூடும். ஆகவே அவற்றைத் தகுந்த மின்தடை வழியாக வடித்து, மல்டிமீட்டரில் சுழிக்கு அருகே வந்துவிட்டதை உறுதிசெய்யாமல் உள்ளே விரல் வைக்கக் கூடாது.

இரண்டு முனை பிளக் மட்டுமே கொண்ட பழைய கருவிகளில் எர்த் இணைப்பு இராது. கிதாரின் தந்திகள் கேபிள் வழியாகக் கருவியின் உலோகப் பெட்டியோடு இணைந்திருப்பதால், உள்ளே மின்காப்பு சிதைந்தால் பெட்டிக்கு வரும் மின்சாரம் தந்திகளுக்கும் வரும். வாசிப்பவர் அந்நிலையில் எர்த் ஆன மைக்கைத் தொட்டால் அவர் உடல் வழியாகவே மின்சாரம் பாயும். மைக்கின் எர்த் பழுதாக இருந்தாலும் இதே விளைவுதான். ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி, 1972 மே மாதம் வேல்ஸின் ஸ்வான்சீ நகர மேடையில் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு உயிரிழந்தார். தகுதியுள்ள தொழில்நுட்பர் ஒருவரைக் கொண்டு மூன்று முனை கேபிளைப் பொருத்தி, பெட்டியை எர்த்துடன் இணைப்பதால் கருவியின் பழமை மதிப்பு சற்றுக் குறைந்தாலும் அதுவே முறையானது.

ஜப்பானிலிருந்து நேரடியாக வாங்கப்படும் கருவிகளில் இன்னொரு கண்ணியும் உள்ளது. அந்நாட்டின் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். இந்தியாவினது 230 வோல்ட். பெட்டியின் பின்புறம் அச்சிடப்பட்டுள்ள வோல்ட் அளவைப் பார்க்காமல் சொருகினால் உள்ளிருக்கும் டிரான்ஸ்ஃபார்மரே எரிந்துபோகலாம் என்பதால், போதுமான திறனுள்ள ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகவே அதை இயக்க வேண்டும். நீண்ட காலம் கிடப்பில் இருந்த கருவியை முதன்முறை இயக்கும்போது, மின்வழியில் ஒரு குண்டு பல்பைத் தொடராக இணைக்கும் சீரிஸ் லேம்ப் முறையைக் கையாள்வது நல்லது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுப் பிரகாசத்துடன் எரிந்து அதைக் காட்டிக்கொடுக்கும்.

பழுதும் பழுதுபோலத் தோன்றுவதும்

பழுதானது என்று கடைக்கு வரும் கருவி உண்மையில் பழுதாகியிராமலும் இருக்கலாம். பாஸ் நிறுவனத்தின் தொடக்ககாலப் பெடல்கள், ஏசிஏ எனக் குறிக்கப்பட்ட, ஏறத்தாழ பன்னிரண்டு வோல்ட் தரும் அடாப்டருக்காக வடிவமைக்கப்பட்டவை. அவற்றைப் பிற்காலத்துச் சீரான ஒன்பது வோல்ட் அடாப்டரில் தனியே இணைத்தால், விளக்கு மங்கி ஒலியும் மெலியும். நல்ல பேட்டரியில் அதே பெடல் ஒழுங்காக இயங்குமானால் கோளாறு அடாப்டர் பொருத்தத்தில்தான் உள்ளது. ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் கொண்ட பழைய ஃபஸ் ஃபேஸ்களில் பேட்டரியின் நேர்முனையே எர்த் ஆக இருப்பதால், எதிர்முனை எர்த் கொண்ட பிற பெடல்களுடன் ஒரே அடாப்டரைப் பகிர்ந்தால் ஷார்ட் ஆகும். மேலும், ஜெர்மேனியத்தின் மின்கசிவு வெப்பத்தோடு கூடுவதால், குளிரூட்டிய அறையில் நன்றாக ஒலித்த கருவி சென்னையின் கோடை மேடையில் கரகரத்து அடைத்துக்கொள்வது அதன் இயல்பே.

இவற்றைக் கழித்த பின்னரே உள்ளே தேட வேண்டும். பேட்டரி பெடல்களில் பெரும்பாலும் உள்ளீட்டு ஜாக்கே மின்விசையாகவும் செயல்படுகிறது: அது மூன்று தொடுமுனை கொண்ட ஸ்டீரியோ ஜாக், கிதார் கேபிளின் மோனோ பிளக் உள்ளே நுழைந்ததும் அதன் உலோக உடல் இரண்டு தொடுமுனைகளை இணைத்து, பேட்டரியின் சுற்றை நிறைவு செய்கிறது. அத்தொடுமுனைகள் களிம்பேறினாலோ வளைந்தாலோ கருவி முழுவதும் செத்ததுபோல் தோன்றும். ஜாக்கைத் துடைத்து, பேட்டரி ஒயர், கால் சுவிட்ச், கரகரக்கும் வால்யூம் கட்டுப்பாடு ஆகியவற்றைச் சோதித்து, அதன் பின்னும் தீராவிட்டால்தான் டிரான்சிஸ்டர், ஐசி கால்களின் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். ஒன்பது வோல்ட்டில் இயங்கும் ஆப்-ஆம்ப் ஐசியின் வெளியீட்டுக் காலில் பொதுவாக அதன் பாதியளவு, அதாவது 4.5 வோல்ட் அருகே இருக்கும். அளவு பெரிதும் விலகியிருந்தால் தேடல் அங்கே குவிகிறது. கண்ணை மூடிக்கொண்டு எல்லா உறுப்புகளையும் மாற்றும் வழக்கம் பழுதைத் தீர்ப்பதைவிடப் புதிய பழுதைச் சேர்ப்பதே அதிகம்.

மாற்று உறுப்புகளில் ஏமாற்றம்

காய்ந்துபோன எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்களுக்கு இணையானவை சென்னையின் ரிச்சி தெருவில் எளிதாகக் கிடைக்கும். அதே கொள்ளளவும், அதே அல்லது கூடுதலான வோல்ட் தாங்குதிறனும் இருந்தால் போதும். ஆனால் பழைய டிலே கருவிகளில் ஒலியைத் தாமதப்படுத்தும் மட்சுஷிட்டாவின் எம்என்3005 போன்ற ஐசிகளின் அசல் உற்பத்தி நின்றுவிட்டதால், வேறு ஐசிகளின் மேற்பரப்பைச் சுரண்டி, புதிய எண்ணை அச்சிட்ட போலிகள் சந்தையில் உலவுகின்றன. எனவே எந்த உறுப்பு மாற்றப்பட்டாலும், கழற்றிய பழைய உறுப்பைத் திருப்பித் தரும்படி முன்னதாகவே எழுத்தில் கேட்டுப் பெறுவது உரிமையாளரின் முதல் காப்பு.

சட்டம் தரும் உரிமைகள்

இந்தியாவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பழைய பொருள் என்பதற்காகப் பாதுகாப்பை மறுப்பதில்லை. புதுப்பிக்கப்பட்டதையோ பழையதையோ புதியது என்று சொல்லி விற்பதும், ரசீது தர மறுப்பதும் இச்சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறைகள். பழுதுபார்ப்பவரின் கவனக்குறைவும், தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாட்டில் அடங்கும். வணிக நோக்கில் வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்றாலும், சுயதொழிலாகத் தம் பிழைப்புக்கு மட்டுமே கருவியைப் பயன்படுத்தும் இசைக்கலைஞருக்கு அந்த விலக்கு பொருந்தாது. பழைய பொருள்களைத் தொழிலாக விற்காத தனிநபரிடம் வாங்கும்போது நுகர்வோர் சட்டத்தின் துணை கிடைப்பது அரிது. ஆனால் 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, விவரித்து விற்ற பொருள் விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும் என்பதால், "அனைத்தும் அசல் உறுப்புகள்" என்ற விளம்பரத்தைச் சேமித்து வைப்பது பயன்தரும்.

பழுதுக்கு ஒப்படைத்த பொருளைச் சாதாரண முன்னெச்சரிக்கையுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளைக் காப்பதுபோல் காக்கும் கடமை, 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆம் பிரிவால் கடைக்காரருக்கு விதிக்கப்பட்டுள்ளது. அதே வேளையில், ஒப்புக்கொண்ட வேலையை முறையாக முடித்தவர் கூலி பெறும் வரை பொருளைத் தம்மிடம் நிறுத்திவைக்க 170ஆம் பிரிவு இடம் தருவதால், கூலியை முன்கூட்டியே எழுத்தில் முடிவு செய்வது இரு தரப்புக்கும் நல்லது. ஒப்படைப்பு ரசீதில் வரிசை எண், அப்போதைய நிலை, சொல்லப்பட்ட கோளாறு, மதிப்பீட்டுத் தொகை, அனுமதியின்றி உறுப்பு மாற்றக் கூடாது என்ற நிபந்தனை ஆகியவை இடம்பெற வேண்டும்.

தீர்வுக்கான வழி

தகராறு எழுந்தால் முதலில் கடைக்கு எழுத்துப்பூர்வமாக முறையிட்டு, உரிய கெடு கொடுக்க வேண்டும். இணையச் சந்தை வழியாக வாங்கியிருந்தால், அதன் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதி. அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதுவும் பயன்படாவிட்டால், காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள், புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் நேரிலோ இ-ஜாக்ரிதி தளத்திலோ மனு செய்யலாம்; செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை எனில் கட்டணம் இல்லை.

ஆணையத்தின் முன் பழுதின் காரணத்தை நிறுவ வேண்டிய பொறுப்பு பெரும்பாலும் புகார்தாரருடையது. கடைக்குக் கொடுப்பதற்கு முன் எடுத்த சுற்றுப்பலகைப் படங்கள், வரிசை எண் தெரியும் ரசீது, திரும்பப் பெற்ற பழைய உறுப்புகள், வேறொரு தொழில்நுட்பரின் எழுத்துக் கருத்து ஆகியவை இல்லாதவருக்குச் சட்டம் இருந்தும் கைகொடுப்பது கடினம் என்பதால், பழுதுபார்ப்பின் முதல் வேலை திருப்புளியை எடுப்பதன்று, பதிவைத் தொடங்குவதே ஆகும்.