மாநகரும் படப்பிடிப்பும்: கொழும்பை முன்னிறுத்திய சில சிந்தனைகள்

திரைப்படம் கூட்டு உழைப்பின் விளைபொருளாகும். நாவலாசிரியன் ஒரு நகரை எழுதுவதற்குத் தாளும் பேனாவும் போதுமானவை. திரைப்பட நெறியாளனுக்கோ அந்நகரின் வீதியும், ஒளியும், மக்களும், அதிகார பீடங்களின் அனுமதியும் வேண்டும். எனவே படப்பிடிப்புத் திட்டத்தை வெறும் நிருவாக அட்டவணையாகக் கொள்ளுதல் பொருந்தாது. எந்த இடம் திரைக்கு வரும், எவருடைய மொழி அங்கு ஒலிக்கும், படம் எவர் கையில் எஞ்சும் என்பனவற்றைத் தீர்மானிக்கும் ஆவணமாக அது அமைகின்றது. தமிழ் பேசும் மக்கள் செறிந்து வாழும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆகிய கொழும்புப் பகுதிகளை முன்னிறுத்தி இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் வரலாற்றுப் பின்னணியை நோக்குவோம். 1947 இல் வெளிவந்த முதலாவது சிங்களப் பேசும் படம் தென்னிந்தியக் கலையகத்திலேயே உருவாயிற்று. 1956 இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் தமது ‘ரேகாவ’ மூலம் கமெராவைக் கலையகத்துக்கு வெளியே, இலங்கைக் கிராமத்துக்குக் கொண்டு சென்றார். ஈழத்துத் தமிழ்த் திரைப்படம் 1962 இல் ‘சமுதாய’த்துடன் தொடங்கியது. எனினும் இடத்தின் தனித்தன்மை எழுபதுகளிலேயே தெளிவாக வெளிப்பட்டது. ‘குத்துவிளக்கு’ (1972), தர்மசேன பத்திராஜவின் ‘பொன்மணி’ (1977) ஆகியன யாழ்ப்பாணத்தையும், ‘புதிய காற்று’ (1975) மலையகத்தையும் களமாகக் கொண்டன. செங்கை ஆழியானின் நாவலில் நெடுந்தீவாக இருந்த ‘வாடைக்காற்’றின் களம், 1978 இல் படமானபோது மன்னார்ப் பேசாலைக்கு மாறியது.

இவற்றிலே கிராமமும் தோட்டமும் கடற்கரையும் உருவம் பெற்றன. கொழும்போ பெரும்பாலும் படத்தொழிலின் பணிமனையாகவே இருந்தது. இது தற்செயலானதன்று. கிராமத்தில் வீடும் வளவும் உறவின் பேரிற் கிடைக்கக்கூடும். மாநகரில் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் விலையுண்டு. தென்னிந்தியப் படங்கள் நிறைந்திருந்த சிறு சந்தையை நம்பிய தயாரிப்பாளர் அவ்விலையைக் கொடுப்பது எளிதாக இருக்கவில்லை.

மாநகரைப் படமாக்க முனைவோர் முதலிற் செய்யவேண்டியது இடத்தேர்வு. இது அழகிய காட்சிகளைத் தேடும் வேலையாகவே பலராலும் கருதப்படுகின்றது. ஆயின் இடம் என்பது உழைப்பினதும் உடைமையினதும் வரலாறு. வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலையை எடுத்துக்கொள்வோம். இந்தியத் தொழிலாளர் பெருந்தொகையினராகப் பணிபுரிந்த அவ்வாலையில் 1933 இல் நிகழ்ந்த வேலைநிறுத்தம், கொல்வின் ஆர். டி சில்வா போன்ற இடதுசாரி இளைஞர் தொழிற்சங்கத் தலைமைக்கு வந்த முக்கிய நிகழ்வாகும். இன்று அந்நிலத்தில் உயர்ந்த அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. அக்கட்டடங்களை மட்டும் படமாக்குபவர் ஒரு வர்க்கத்தின் வசதியைக் காண்பார். நிலத்தின் கதையை அறிந்தவர் அங்கிருந்து அகற்றப்பட்ட உழைப்பையும் காண்பார். கொட்டாஞ்சேனையும் அத்தகையதே. புனித லூசியா பேராலயத்தையும் ஜிந்துப்பிட்டியின் கோவிலையும் வண்ணக் காட்சிகளாகக் காட்டுதல் எளிது. துறைமுகத்தை அண்டி வாழ்ந்த உழைக்கும் மக்களோடு அவற்றை இணைத்துக் காணும்போதே அப்பகுதி உயிர்பெறும்.

அடுத்து ஒளியும் பருவமும். கொழும்பிலே தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை நீடிக்கும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை மிகுதி. ஆதலால் சனவரி முதல் மார்ச்சு நடுப்பகுதி வரையான காலம் வெளிப்புறப் படப்பிடிப்புக்கு உகந்தது. காலி வீதியிலிருந்து கடலை நோக்கிச் செல்லும் வெள்ளவத்தை ஒழுங்கைகள் கிழக்கு மேற்காக அமைந்தவை. மாலை வெயில் அவற்றினூடாக நேரே பாயும். நெருங்கி எழுந்த மாடிகளால் ஏனைய வேளைகளில் நிழல் படிந்திருக்கும். கரையோரமாகப் புகையிரதம் ஓடுவதால் ஒலிப்பதிவாளர் அதன் நேர அட்டவணையையும் கையில் வைத்திருத்தல் வேண்டும்.

மூன்றாவது, அனுமதி. வீதியை மறிப்பதற்குப் பொலிசு, மாநகரசபை ஆகியவற்றின் இசைவும், தண்டவாளத்தை அண்டுவதற்குப் புகையிரதத் திணைக்களத்தின் இசைவும் தேவை. அனுமதி அரசியலுக்கு அப்பாற்பட்டதன்று. தீபா மேத்தா 2011 இல் ‘மிட்நைட்ஸ் சில்ரன்’ படத்தை இலங்கையில் எடுத்தபோது, ஈரான் தெரிவித்த ஆட்சேபத்தினால் படப்பிடிப்புச் சில நாட்கள் நிறுத்தப்பட்டுப் பின்னர் தொடர்ந்தது. அப்படத்திலே கொழும்பு பம்பாய்க்குப் பதிலாக நின்றது என்பதும் கவனிக்கத்தக்கது. மறுபுறம், மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) படத்தின் இலங்கைக் காட்சிகள் தென்னிந்தியாவில் எடுக்கப்பட்டன. இவ்வாறு எமது நகர் பிறருக்கு வேடம் புனைய, எமக்குப் பிற நிலங்கள் வேடம் புனைந்தன.

நான்காவது, மொழி. ஷியாம் செல்வதுரையின் ‘ஃபனி போய்’ நாவலைத் தழுவி மேத்தா கொழும்பில் எடுத்த படம் 2020 இல் வெளிவந்தது. கொழும்புத் தமிழ்க் குடும்பமொன்றின் கதை அது. முக்கிய பாத்திரங்கள் சிலவற்றை ஏற்ற நடிகர் தமிழர் அல்லர்; அவர்தம் தமிழ் உச்சரிப்புக் கடும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அதன்பின் உரையாடல்களுக்கு மீளக் குரல் சேர்க்க வேண்டியதாயிற்று. மொழியை இறுதியில் ஒட்டப்படும் அலங்காரமாகக் கொண்டால் விளைவது இதுவே. யாழ்ப்பாணத்தவர், மலையகத்தவர், முஸ்லிம்கள், கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தோர் எனப் பலரும் பேசும் தமிழ் ஒரே ஒழுங்கையில் ஒலிக்கின்றது. நடிகர் தேர்வுக்கு முன்னரே இவ்வேறுபாடுகளைச் செவிமடுத்துப் பதிதல் இன்றியமையாதது.

திட்டமிடல் எத்துணை ஆழமாக அமையலாம் என்பதற்குத் தென்னமெரிக்காவின் சிலி நாட்டுத் தலைநகர் சந்தியாகோ சான்று பகர்கின்றது. 1973 இல் பத்ரீசியோ குஸ்மானின் சிறு குழு அங்கு ‘சிலியின் போர்’ என்ற ஆவணப்படத்தை எடுத்தது. நாட்டில் அரிதாயிருந்த படச்சுருளைப் பிரான்சிலிருந்து கிறிஸ் மார்க்கர் அனுப்பினார். ஓரடியையும் வீணாக்க இயலாத நிலையில், அக்குழு பொருளாதாரம், அரசியல், கருத்தியல் ஆகிய போராட்டக் களங்களை வகுத்து, எங்கே கமெராவை வைப்பது எனத் தீர்மானித்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 11 இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. படச்சுருள்கள் சுவீடன் தூதரகத்தின் உதவியுடன் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டன. ஒளிப்பதிவாளர் ஹோர்ஹே முல்லர் 1974 இல் கைதாகிக் காணாமற் போனார். அவர் பதிந்த காட்சிகள் எஞ்சின.

கொழும்பில் நிகழ்ந்தது வேறு. 1983 யூலை வன்செயலில் ஹெந்தளை விஜயா கலையகம் தீயிடப்பட்டது. தமிழ், சிங்களப் படங்கள் பலவற்றின் மூலப்பிரதிகள் அழிந்தன. சிங்களப் படங்களை நெறிப்படுத்திய தமிழரான கே. வெங்கட் கொல்லப்பட்டார். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடுகளும் கடைகளும் எரிந்த அதே நாட்களில், ஈழத்துத் தமிழர் தம் வாழ்வைத் திரையிற் பதிந்த சுருள்களும் எரிந்தன.

எனவே கொழும்பைக் களமாகக் கொள்ளும் எந்தத் திட்டத்திலும் ஐந்தாவதாக ஓர் அம்சம் இடம்பெறல் வேண்டும். எடுத்த படத்தின் மூலப்பிரதி எங்கே, எத்தனை பிரதிகளாக, எவருடைய பொறுப்பில் பேணப்படும் என்பதே அது. இலக்க முறையில் பிரதியெடுத்தல் எளிதாகிவிட்ட இக்காலத்தில் இதனைத் தவிர்ப்பதற்கு நியாயமில்லை. படப்பிடிப்பின் இறுதி நாளுடன் திட்டம் முடிந்துவிடுவதில்லை. அடுத்த தலைமுறை தன் நகரைத் திரையிற் காண இயலுமாயின் அப்போதே அது நிறைவு பெற்றதாகும்.