உங்களுக்குத் தெரியுமா? தகரக் கூரையின் பள்ளம் சுமக்கும் மழை

1936-இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா அவர்கள் ராஜபாளையம் மில்லை ஸ்தாபித்த காலந்தொட்டு நூற்பாலைகளுக்குப் பெயர்பெற்று விளங்கும் ராஜபாளையத்திலும், அதன் அண்டையூராகிய ஸ்ரீவில்லிபுத்தூரிலும், ஐப்பசி கார்த்திகையில் பருவமழை வலுக்கும்போது, தகரக் கூரைகளின்மீது நிகழும் ஜலப் பிரவாகம் நுட்பமானதொரு கணக்குக்கு உட்பட்டதாகும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர். ஆகவே, 20 மீட்டர் நீளச் சரிவில், 25 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு பள்ளம் வீதம் அமைந்த தகட்டின்மேல், மணிக்கு 100 மில்லிமீட்டர் வீதம் மழை கொட்டுமாயின், ஒவ்வொரு பள்ளமும் இறவாரத்தருகே மணிக்கு 500 லிட்டரைச் சுமக்க நேரிடுகிறது. சரிவின் நீளம் இரட்டித்தால் நீரும் இரட்டிக்கும். சாய்வை நாலில் ஒரு பங்காகக் குறைத்தாலோ, நீரின் வேகம் ஏறக்குறையப் பாதியாகி, பள்ளத்தில் மட்டம் உயர்ந்து, தகடுகள் ஒன்றன்மேலொன்று படியும் விளிம்பைத் தாண்டி உள்ளே ஒழுகத் தொடங்கக்கூடும். பஞ்சுப் பொதிகள் அடுக்கிய கொட்டகையில் அவ்வொழுக்கு சாமானிய நஷ்டமன்று. புதிதாகக் கூரை போடுவோர் தகட்டின் கனத்தை மாத்திரம் விசாரியாமல், பள்ளத்தின் ஆழத்தையும் அவசியம் கேட்டறிவார்களாக. புரட்டாசி முடிவதற்குள் அதில் தங்கிய சருகுகளையும் அகற்றிவிடுவார்களாக.