ஆர்டர் வந்துடுச்சுன்னு சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி: வெளிநாட்டு பிபிஓ கம்பெனியை வளர்க்கிற கணக்கு

போன மாசம் போட்ட "வெளிநாட்டு கிளையண்டுக்கு இன்வாய்ஸ் போடுவது எப்படி" வீடியோவுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி இதுதான்: "சார், பத்து பேரை வச்சு சின்னதா பிபிஓ நடத்துறேன். இதை அம்பது பேரா ஆக்கணும். என்ன பண்ணணும்?"

இதுக்கு பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு கதை சொல்லணும். அதுல என் தப்பும் இருக்கு.

திருச்சி பக்கம் எனக்கு ஒரு கிளையண்ட். அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு மெடிக்கல் பில்லிங் பண்ற கம்பெனி வச்சிருக்கார். வேலை என்னன்னா, டாக்டர் பார்த்த சிகிச்சைக்கு இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட க்ளெய்ம் போடணும், வராத பணத்துக்கு ராத்திரி ஷிஃப்ட்ல போன் போட்டு கேட்கணும். 12 சீட். நல்ல லாபம். ஒருநாள் ஆபீஸுக்கு ஸ்வீட் பாக்ஸோட வந்தார். "ஆடிட்டர் சார், பெரிய கிளையண்ட் இன்னும் 20 சீட் கேக்குறாங்க. பேங்க் லோனுக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் போட்டுக் கொடுங்க."

போட்டுக் கொடுத்தேன். வருமானம், செலவு, லாபம், மூணு வருஷ கணிப்பு எல்லாம் அழகா வந்துச்சு. வீட்டுப் பத்திரம் பேங்குக்குப் போச்சு. அக்கா நகையும் போச்சு. புது மாடி, மூணு வருஷ லாக்-இன் வாடகை ஒப்பந்தம்.

அஞ்சாவது மாசம் ஒரு மெயில். அந்த அமெரிக்க கம்பெனியை இன்னொரு பெரிய கம்பெனி வாங்கிடுச்சு, அவங்களுக்கு மணிலாவில் சொந்த சென்டர் இருக்கு. ஒப்பந்தப்படி 30 நாள் நோட்டீஸ். அப்போ அவர்கிட்ட இருந்த 32 சீட்டில் 28 அந்த ஒரே கிளையண்டுக்கு.

அந்த ஒப்பந்தத்தை அன்னைக்குத்தான் நான் முதல் தடவை படிச்சேன். லோன் ரிப்போர்ட் போடும்போது "நோட்டீஸ் எத்தனை நாள் அண்ணே?"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா கதையே வேற. நான் கேட்கல. அதனாலதான் இந்தக் கட்டுரை.

முதல்ல ஒரு சீட்டோட கணக்கு

மொத்த டர்ன்ஓவரை மறந்துடுங்க. பிபிஓ-வில் ஒரு சீட் மாசம் எவ்வளவு சம்பாதிக்குது, எவ்வளவு சாப்பிடுதுங்கறதுதான் கணக்கு. கீழே இருக்கிறது ஒரு உதாரணம்தான். உங்க ஊர், உங்க வேலைக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க.

வருமானம்: மணிக்கு 6 டாலர், மாசம் 160 மணி நேரம்னா 960 டாலர். டாலர் ஒன்றுக்கு 85 ரூபாய்னு வச்சா 81,600 ரூபாய். பேங்க் கமிஷன், மாற்று விகித வித்தியாசம் போக சுமார் 80,000.

"சார், டாலர் 90-ஐயே தொட்டுடுச்சே?" ஆமா, 2025 டிசம்பரில் தொட்டுச்சு. ஆனா திட்டம் போடும்போது சந்தை விலையை விட குறைச்சுத்தான் எடுக்கணும். மேல வர்றது போனஸ். அதை நம்பி ஆள் எடுக்கக் கூடாது.

இங்கதான் பலரும் கோட்டை விடுறாங்க. சம்பளம் கொடுக்கிற நேரம் முழுசும் பில் ஆகாது. லீவு, ட்ரெயினிங், ஆள் போய் அடுத்த ஆள் வர்ற வரைக்கும் காலியா இருக்கிற நாற்காலி எல்லாம் இருக்கு. 85 சதவீதம் பில் ஆச்சுன்னா கைக்கு வர்றது 68,000.

செலவு, ஒரு சீட்டுக்கு ஒரு மாசத்துக்கு:

- சம்பளம்: 25,000
- பிஎஃப் முதலாளி பங்கு (15,000 உச்சவரம்பில் 12%): 1,800
- கிராச்சுட்டி, லீவு சம்பளத்துக்கு ஒதுக்கீடு: 2,500
- கேப், சாப்பாடு: 3,500
- வாடகை, கரண்ட், ஜெனரேட்டர் டீசல்: 4,500
- கம்ப்யூட்டர், சாஃப்ட்வேர், ரெண்டு இன்டர்நெட் லைன்: 4,000
- டீம் லீடர், க்வாலிட்டி, ஹெச்ஆர் பங்கு: 9,000
- ஆள் எடுக்க, பழக்க ஆகிற செலவு: 3,000

மொத்தம் 53,300. மிச்சம் 14,700 ரூபாய், அதாவது வருமானத்தில் 21 சதவீதத்துக்கு மேல. நல்ல பிசினஸ்தான். 20 சீட் சேர்த்தா மாசம் கிட்டத்தட்ட 3 லட்சம் கூடுதல் லாபம். என் ரிப்போர்ட்டும் இதைத்தான் சொல்லுச்சு.

லாபம் இருக்கு, காசு எங்க?

இப்ப தேதியைப் போட்டுப் பாருங்க. மே 1-ஆம் தேதி ஆள் எடுக்கறீங்க. மே முழுக்க ட்ரெயினிங். ஜூன் முழுக்க வேலை. ஜூன் 30 இன்வாய்ஸ். கிளையண்ட் 45 நாள்ல பணம் தருவார். ஆகஸ்ட் 14-க்குத்தான் முதல் டாலர் வரும்.

அதுக்குள்ள மே, ஜூன், ஜூலை மூணு மாசச் செலவு உங்க பாக்கெட்டில் இருந்து. 53,300 x 3 = 1,59,900. இதோட லேப்டாப், ஹெட்செட், மேசை, வாடகை அட்வான்ஸ் எல்லாம் சேர்த்து 70,000 வைங்க. ஒரு புது சீட்டுக்கு சுமார் 2.3 லட்சம். 20 சீட்டுக்கு 46 லட்சம்!

பிபிஓ கம்பெனி நஷ்டத்தில் மூழ்குறதை விட, வளரும்போது காசு தீர்ந்து மூழ்குறதை நான் அதிகம் பார்த்திருக்கேன். மாசம் 14,700 லாபம் தர்ற சீட், போட்ட 2.3 லட்சத்தைத் திருப்பித் தர பில்லிங் ஆரம்பிச்சு 15 மாசத்துக்கு மேல ஆகும். அந்த கிளையண்ட் 30 நாள் நோட்டீஸில் போகலாம்னா, நீங்க 15 மாச பந்தயம் கட்டுறீங்க, அவர் 30 நாள் பந்தயம் கட்டுறார்.

ரேட்டை விட முக்கியமான நாலு வரி

எல்லாரும் 6 டாலரை 6.50 ஆக்கத்தான் பேரம் பேசுறாங்க. அதை விட இந்த நாலு வரிதான் உங்களைக் காப்பாத்தும்.

1. நோட்டீஸ் காலம். புது சீட்டுக்கு முதல் வருஷம் குறைஞ்சது 90 நாள் கேளுங்க. கூடவே, எந்த மாசமும் நாலில் ஒரு பங்குக்கு மேல சீட்டைக் குறைக்கக் கூடாதுன்னு ஒரு வரி.

2. ட்ரெயினிங் பில்லிங். ட்ரெயினிங் மாசத்துக்குப் பாதி ரேட்டாவது கேளுங்க. பல கிளையண்ட் ஒத்துக்குவாங்க. நாம கேட்கறதே இல்ல.

3. பணம் வர்ற நாள். 45 நாளை 15 நாள் ஆக்கினா, முதல் பணம் ஜூலை 15-க்கே வந்துடும். மூணு மாசச் செலவு ரெண்டு மாசமா குறையும். 20 சீட்டுக்கு 10.6 லட்சம் கம்மியா கடன் வாங்கினா போதும். ரேட் ஒரு சென்ட் கூட ஏறல பாருங்க!

4. வருஷாந்திர உயர்வு. நம்ம ஊர்ல சம்பளம் வருஷா வருஷம் ஏறும். பில்லிங் ரேட் மூணு வருஷத்துக்கு அப்படியே நின்னா அந்த 21 சதவீதம் கரைஞ்சிடும். ரூபாய் சரிஞ்சு காப்பாத்தும்னு உட்கார்ந்திருக்காதீங்க. டாலர் ஏறினா கிளையண்டே "ரேட்டைக் குறை"ன்னு வருவார்.

அப்புறம் என் சொந்த விதி ஒண்ணு. எந்த ஒரு கிளையண்டும் மொத்த பில்லிங்கில் 40 சதவீதத்துக்கு மேல இருந்தா, அவரை நம்பி வீட்டுப் பத்திரத்தை வைக்காதீங்க.

வரி, சட்டம்: எங்க காசு மிச்சம், எங்க ஆப்பு

ஜிஎஸ்டி: சேவை ஏற்றுமதிக்கு வரி பூஜ்யம். ஆனா எல்யுடி தாக்கல் பண்ணியிருக்கணும். அது ஒரு நிதியாண்டுக்குத்தான் செல்லும். ஏப்ரல் முதல் இன்வாய்ஸுக்கு முன்னாடி புதுப்பிச்சிடுங்க. இன்வாய்ஸ் போட்டு ஒரு வருஷத்துக்குள்ள பணம் வரலைன்னா வட்டியோட வரி கட்டச் சொல்லுவாங்க. வாடகை, இன்டர்நெட்டுக்கு நீங்க கட்டின ஜிஎஸ்டி-யில் தகுதியானதை ரீஃபண்டா கேட்கலாம். அதுக்கு ரெண்டு வருஷ கெடு. திருச்சி அண்ணன் புது மாடிக்குக் கட்டின ஜிஎஸ்டி ரீஃபண்ட்தான் அந்த இருட்டு மாசங்களில் ரெண்டு சம்பள நாளைத் தாண்ட வச்சுச்சு.

ஒப்பந்தத்தில் "ஏஜென்ட்", "கமிஷன்"னு எழுதாதீங்க. நீங்களே சொந்தமா செய்யற வேலை இடைத்தரகர் சேவை ஆகாதுன்னு 2021 செப்டம்பர் 20 தேதியிட்ட 159-ஆம் சுற்றறிக்கை தெளிவா சொல்லுது. இடைத்தரகருக்கான அந்த விதியையே நீக்கணும்னு 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சிலும் பரிந்துரை பண்ணுச்சு. ஆனாலும் பழைய வருஷங்களுக்கு நோட்டீஸ் வந்தா அதிகாரி முதல்ல பார்க்கிறது ஒப்பந்த வார்த்தைகளைத்தான்.

வருமான வரி: எஸ்டிபிஐ யூனிட்டுக்கு வரி விலக்குன்னு இன்னும் பலர் நம்பிட்டு இருக்காங்க. அது 2011 மார்ச்சோட முடிஞ்சு போச்சு. இப்ப பிபிஓ-வுக்குக் கை கொடுக்கிறது, பழைய சட்டத்தில் 80ஜேஜேஏஏ-ன்னு சொன்ன சலுகை. புதுசா எடுத்த ஆட்களின் சம்பளத்தில் 30 சதவீதத்தை, மூணு வருஷத்துக்குக் கூடுதல் செலவா காட்டலாம். 25,000 சம்பளத்தில் 20 பேர் வருஷம் முழுக்க வேலை பார்த்தா சம்பளம் 60 லட்சம், கழிவு 18 லட்சம். 25.168 சதவீத வரி கட்டுற கம்பெனிக்கு வருஷம் சுமார் 4.5 லட்சம் மிச்சம்.

நிபந்தனைகள்: மாச மொத்த ஊதியம் 25,000-ஐத் தாண்டக் கூடாது (இன்சென்டிவ் சேர்த்து ஒரு ரூபாய் தாண்டினாலும் அந்த ஆள் கணக்கில் வரமாட்டார்), பிஎஃப் இருக்கணும், 240 நாள் வேலை பார்த்திருக்கணும், மொத்த ஆள் எண்ணிக்கை கூடியிருக்கணும், சம்பளம் பேங்க் வழியா போயிருக்கணும், ஆடிட்டர் அறிக்கை நேரத்துக்குப் போகணும்.

தொழிலாளர் பக்கம்: 10 பேர் ஆனதும் இஎஸ்ஐ (21,000 வரை சம்பளம் வாங்குறவங்களுக்கு), 20 பேர் ஆனதும் பிஎஃப். 12-ல இருந்து 32-க்குத் தாவும்போது இந்தச் செலவை சீட் கணக்கில் சேர்க்காம ரேட் பேசிடாதீங்க.

ஒரு நல்ல செய்தி: முன்னாடி போன் பேசுற பிபிஓ-வுக்குத் தொலைத்தொடர்புத் துறையில் ஓஎஸ்பி பதிவு வேணும். 2020 நவம்பரில் அதை நீக்கிட்டாங்க, 2021 ஜூனில் இன்னும் தளர்த்தினாங்க. வீட்டில் இருந்து வேலை பார்க்கிறதும் சுலபமாயிடுச்சு. யாராவது "ஓஎஸ்பி லைசென்ஸ் வாங்கித் தர்றேன்"னு காசு கேட்டா கொடுக்காதீங்க.

மெடிக்கல் பில்லிங்னா ஹிப்பா சட்டத்துக்கான ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடணும். நோயாளி தகவல் கசிஞ்சா நஷ்டஈடு யார் தலையில், எவ்வளவு வரைக்கும்னு பாருங்க. வரம்பே இல்லாம கையெழுத்துப் போட்டா கம்பெனியையே எழுதிக் கொடுத்த மாதிரி.

அமெரிக்காவில் என்ன நடக்குது?

2025 செப்டம்பரில் அமெரிக்க செனட்டர் பெர்னி மொரேனோ ஹையர் ஆக்ட்னு ஒரு மசோதா கொண்டு வந்தார். வெளிநாட்டு அவுட்சோர்ஸிங்குக்குக் கொடுக்கிற பணத்துக்கு 25 சதவீத வரிங்கறதுதான் அதோட சாரம். மசோதா வேற, சட்டம் வேற. பயந்து கடையை மூட வேண்டாம். ஆனா இன்னொரு பக்கம் ஏஐ-யும் எளிமையான டேட்டா என்ட்ரி வேலையை எடுத்துட்டு இருக்கு. ரெண்டுக்கும் பதில் ஒண்ணுதான்: வேற வேற நாட்டுக் கிளையண்ட், கொஞ்சம் மூளை வேணும்கிற வேலை. மறுக்கப்பட்ட க்ளெய்மை எதிர்த்து வாதாடுறது, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து கணக்குப் புத்தகம் முடிக்கிறது மாதிரி.

அண்ணன் இப்ப எப்படி இருக்கார்?

அந்த 28 பேரில் 9 பேருக்கு அவரே போன் போட்டு திருச்சி, சென்னை கம்பெனிகளில் வேலை வாங்கிக் கொடுத்தார். 8 பேரை வச்சுக்கிட்டார். 11 பேரை ஒரு மாசச் சம்பளம் கொடுத்து அனுப்பினார். அந்த வாரம் ராத்திரி ஷிஃப்டுக்கு அவரால உள்ளே போக முடியல, வாசல்ல டீக்கடையிலேயே நின்னுட்டு இருந்தேன்னு சொன்னார். அட்வான்ஸை விட்டுக் கொடுத்து மாடியைக் காலி பண்ணினார்.

மீண்டு வர 11 மாசம் ஆச்சு. இப்ப 26 சீட், அஞ்சு கிளையண்ட், யாரும் 30 சதவீதத்தைத் தாண்டல. அக்கா நகை வந்துடுச்சு. வீட்டுப் பத்திரம் இன்னும் பேங்கில்தான்.

போன வாரம் மறுபடி வந்தார். இந்த தடவை ஸ்வீட் பாக்ஸ் இல்ல, ஒப்பந்த நகல் மட்டும். "15 சீட் கேக்குறாங்க சார். முதல்ல 11-ஆம் பக்கம் பாருங்க." நோட்டீஸ் 90 நாள்னு இருந்துச்சு.

நீங்களும் உங்க ஒப்பந்தத்தை இன்னைக்கே எடுத்து மூணு விஷயம் பாருங்க: நோட்டீஸ் எத்தனை நாள், பணம் எத்தனை நாள்ல வரும், பெரிய கிளையண்ட் எத்தனை சதவீதம். இந்த மூணையும் ஒரு தாளில் எழுதிட்டு, அப்புறமா பேங்குக்குப் போங்க. சீட் கணக்கை எக்செல்லில் எப்படிப் போடுறதுன்னு அடுத்த வீடியோவில் ஒவ்வொரு வரியா காட்டுறேன்.